சின்னவன் மேல் வாழ்ந்த அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி துணியைத் தின்னும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மேடம். பாவம், அது ஒன்றும் தின்பதில்லை. வளர்ந்த பூச்சிக்குச் சரியான வாயே கிடையாது. தின்பதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். சிறகு முளைத்த பிறகு பட்டினி கிடந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். பழி மட்டும் பூச்சியின் தலையில். எதையும் பார்த்த மாத்திரத்தில் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டபடி ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

நான் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பு சிறிய அந்துப்பூச்சிகள். பெரியவை, அழகானவை எல்லாம் வேறு ஆட்களிடம் இருக்கின்றன. அடுத்த அறையில் இருப்பவரை வண்டுக்காரர் என்போம். புதுப்புது வண்டு இனங்களைக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருப்பார். மழைக்கு ஒதுங்கிய இடத்தில்கூட அவருக்கு ஒரு வண்டு கிடைக்கும். தினமும் காலையில் என் கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன சார், உங்க பக்கம் புதுசா ஏதாச்சும் பறந்துச்சா?" என்று கேட்பார். என் பக்கம் எதுவும் பறக்கவில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்தவற்றுக்கு ஊசி குத்திச் சீட்டு ஒட்டியே என் தலை நரைத்தது.

வீட்டில் நான், மனைவி, அவளுடைய தம்பி. மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். தம்பியைக் குடும்பத்தில் எல்லோரும் சின்னவன் என்பார்கள், ஆள் ஆறடி. ஒரு குளிர்கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன். கிடங்கை மூடினார்கள், இவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உடம்பில் ஏறிய குளிர் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லி, அங்கே கொடுத்த கனத்த கம்பளி ஸ்வெட்டரை வெயில் காலத்தில்கூடக் கழற்றமாட்டான். சோபாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

அவனை நான் திட்டாத நாள் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

"உன் தம்பி சோபாவுல வேர் விட்டுட்டான்" என்பேன்.

"கொஞ்சம் பொறுங்க. வேலை தேடிக்கிட்டுதான் இருக்கான்" என்பாள் மனைவி.

டிவி ரிமோட்டைத் தவிர அவன் எதையும் தேடி நான் பார்த்ததில்லை.

ஒரு விடுமுறை நாளில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சின்னவன் தோளைச் சொறிந்தான். ஸ்வெட்டரிலிருந்து ஒரு பூச்சி எழுந்து, அவன் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பவும் அவன் காலரிலேயே வந்து உட்கார்ந்தது. அரிசி மணியில் பாதிதான் இருக்கும். தூசி நிறம். முன்சிறகில் மூன்று கறுப்புப் புள்ளிகள். மூன்றாவது புள்ளி, வரிசையில் நிற்கப் பிடிக்காதது மாதிரி விலகி நின்றது. அப்படி ஒரு சிறகை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மச்சான், அசையாதே" என்றேன்.

அவனிடம் நான் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று மனைவி பிறகு சொன்னாள்.

இந்தப் பூச்சிகளில் இனத்தைத் தீர்மானிப்பது சிறகு அல்ல, வயிற்றின் நுனி. அதைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதற்கு மேல் விவரிப்பது மரியாதையாக இருக்காது. அதுவரை யாரும் பார்த்திராத நுனி என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய இனத்தை அறிவிக்கும்போது அது எங்கே வாழ்கிறது, எப்படி வளர்கிறது என்றும் சொன்னால்தான் கட்டுரைக்கு மதிப்பு. ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கிப் பெட்டியில் வைத்தேன். புழுக்கள் சுருண்டன. நானே அதை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். புழுக்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. சின்னவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே தெம்பாக நெளிந்தன. அவன் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தால் பாதி உதிர்ந்துபோயின. ஆகவே, கம்பளி மட்டும் போதாது, சின்னவன் வேண்டும். அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும் சின்னவன்.

சில பூச்சிகள் ஒரே மலையில் மட்டும் வாழும். சில ஒரே மரத்தில். இது என் மச்சான் மேல் மட்டும் வாழ்ந்தது. ஆனால் மலைக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விடுமோ என்று யாரும் பயப்படத் தேவையில்லை. எனக்கு அந்தப் பயம் இருந்தது.

அதன் பிறகு அவனை நான் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். சாப்பாட்டுத் தட்டு சோபாவுக்கே போனது. தண்ணீர் எடுக்க எழுந்தால் நான் ஓடுவேன். முதுகுக்குத் தலையணை, காலுக்கு முக்காலி.

"அத்தான், எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நானும் ஏதாச்சும் வேலை செய்யறேனே" என்பான்.

"இதுவே பெரிய வேலைதான் மச்சான். உட்காரு."

மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "இப்பத்தாங்க நீங்க மனுஷனா இருக்கீங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு நிம்மதியான காலம் வேறு இல்லை. அதைச் சின்னவனிடமும் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அவனுடைய பழைய முதலாளி போன் செய்தார். வேறு ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறாராம், மேற்பார்வைக்கு இவன் வேண்டுமாம். போனை வைத்ததும் சின்னவன் எழுந்து நின்றான். முகச்சவரம் செய்துகொண்டான். பாட்டு முணுமுணுத்தான். மனைவி அவனுக்கு ஒரு புது ஸ்வெட்டர் வாங்கி வந்து, "அந்தப் பழசைக் குப்பையில போடுடா, நாத்தம் குடலைப் பிடுங்குது" என்றாள்.

குப்பையில். ஒரு இனம் முழுவதையும்.

அவனுடைய பெட்டி பரண்மேல் இருந்தது. அதை எடுக்க ஏணி போட்டான். ஏணியின் கால் ஒன்றில் ரப்பர் கட்டை உண்டு, வழுக்காமல் இருக்க. காலையில் அதை நான் கழற்றி வைத்திருந்தேன். கழுத்து முறியும் உயரம் இல்லை, பார்த்துக்கொண்டேன். கால்தான் முறிந்தது. வலது கால். மருத்துவமனைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்வெட்டரைக் கத்தரிக்கப் போன நர்ஸின் கையைப் பிடித்ததும் நான்தான். கால் முறிவுக்கு மேல்சட்டையைக் கத்தரிப்பானேன், நீங்களே சொல்லுங்கள்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த அந்த நாட்களில் பூச்சிகள் செழித்தன. காலரில் முட்டைகள் சர்க்கரை தூவினாற்போல் இருந்தன. நான் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கட்டுரையை எழுதி முடித்தேன். இனத்துக்கு அவன் பெயரையே வைத்தேன். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அநாகரிகம். இல்லாவிட்டாலும் அவனுக்குத்தான் வைத்திருப்பேன். அச்சானதும் வண்டுக்காரர் வந்து கை குலுக்கினார். அன்றைக்குக் கதவில் சாயவில்லை.

கால் கூடிவிட்டது, கட்டைப் பிரிக்கலாம் என்றார் டாக்டர். முதலாளியும் அவனுக்காகக் காத்திருந்தார்.

ஒரு இனத்தை அறிவித்தால் அதன் மூல மாதிரியைப் பொது நிறுவனம் ஒன்றில் பத்திரப்படுத்த வேண்டும். அதுதான் முறை. ஊசி குத்திய பூச்சிகளை வைத்தாகிவிட்டது. வாழும் இடத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் பூச்சியை மட்டும் வைத்திருப்பது அரைகுறை வேலை என்று எனக்குப் பட்டது. அருங்காட்சியகத்தின் நிலவறையில், முன்பு பஞ்சடைத்த கரடி ஒன்று இருந்த அறை காலியாகக் கிடந்தது. ஜன்னல் இல்லை. யாரும் வருவதில்லை. சாவி என் கையில். கட்டில் போட்டேன், மெத்தை போட்டேன், மின்விசிறி வைத்தேன். கரடிக்கு இவ்வளவு வசதி இல்லை.

ஊருக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்துக்கு நானே கொண்டுவிடுகிறேன் என்று, பழைய ஸ்வெட்டரோடு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியில், "ஆபீஸ்ல ஒரு சின்ன வேலை, உன்னை வச்சு ஒரு ஆராய்ச்சி. கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி அத்தான்" என்று இறங்கி வந்தான். நல்ல பிள்ளை.

முதலாளிக்கு அவன் போனிலிருந்தே வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மனைவிக்கு அவன் பெயரில் தினமும் செய்தி அனுப்பினேன். 'சாப்டேன் அக்கா', 'நல்லா இருக்கேன் அக்கா' என்று. இரண்டும் பொய் இல்லை. மூன்று வேளையும் என் கையால் ஊட்டியிருக்கிறேன்.

சில நாள் கழித்து அவன் கதவைத் தட்டத் தொடங்கினான். தட்டுவதற்கு எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் புழு உதிரும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இனத்துக்கு அவன் பெயரை வைத்திருக்கும் செய்தியைச் சொன்னேன், சந்தோஷப்படுவான் என்று. அச்சான பக்கத்தைக் கையில் கொடுத்தேன். அதை மடித்து மெத்தை மேல் வைத்தான்.

"ரொம்ப சந்தோஷம் அத்தான்" என்றான். "அப்போ நான் கிளம்பலாமா?"

இரண்டாவது முறை ஏணி தேவைப்படவில்லை. அருங்காட்சியகத்தில் கனமான பொருட்களுக்குப் பஞ்சம் இல்லை. கூடிய இடத்திலேயே மறுபடி முறியும்படி பார்த்துக்கொண்டேன்; புதிதாக ஒரு எலும்பைத் தொடவில்லை. கட்டும் நானே போட்டேன். சிறகுகளை உடையாமல் விரித்து வைத்துப் பழகிய கை.

அதன்பின் அவன் தட்டவில்லை. தும்மல் வந்தால்கூட என்னைப் பார்த்து அனுமதி கேட்டான்.

மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவுதான். மனைவி எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவன் போனை அணைத்து வைத்திருப்பேன். அன்றைக்கு மறந்துவிட்டேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சின்னவன் எங்கங்க?"

நான் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். மலை, மரம், மூல மாதிரி, எல்லாம். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் உங்கள் நிலையத்துக்கு நடந்து வந்துவிட்டாள்.

உங்கள் ஆட்கள் வந்து, நான் சாவி தராததால் பூட்டை உடைத்தபோது சின்னவன் என்ன சொன்னான் என்பதை அவர்கள் எழுதவில்லை என்று கேள்விப்படுகிறேன். நான் பக்கத்தில்தான் நின்றேன். "கதவைச் சாத்துங்க சார், அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாது" என்றான். கட்டாயத்தில் இருக்கும் மனிதன் பேசுகிற பேச்சா இது? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டையா அந்த ஸ்வெட்டரைச் சாட்சிப் பொருள் என்று பிளாஸ்டிக் பையில் போட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று கூடவே ஒரு கைப்பிடி அந்துருண்டையும் போட்டார். என் கண் முன்னால். உலகத்தில் அந்த இனம் அத்தோடு முடிந்தது. அவர்மேல் வழக்கு எதுவும் பதிவானதாகத் தெரியவில்லை. நான் புகார் கொடுக்கவும் போவதில்லை, அறியாமல் செய்தவர்.

ஏணி நான்தான். பூட்டு நான்தான். கால், இரண்டு தடவையும், நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

நேற்று மனைவி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரவில்லை. மருத்துவமனையில் சின்னவன் அசையவே மாட்டேன் என்கிறானாம். சாப்பாடு கொண்டுபோனால் வாயை மட்டும் திறக்கிறானாம். "தூக்கத்துலகூட பொரள மாட்டேங்கறான். பொரண்டா அத்தான் வருத்தப்படுவாருங்கறான்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எனக்கும் நெஞ்சு அடைத்தது. முட்டை எப்போதும் காலரில் மட்டும் இருக்காது. பிடரி மயிரிலும் ஒட்டியிருக்கும்.

"அவனைக் குளிப்பாட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவள் அப்படியே திரும்பி நடந்துவிட்டாள். கூடப் பிறந்த தம்பி மேல் அவளுக்கு இருக்கும் அக்கறை அவ்வளவுதான், மேடம்.