பிழையின் உரிமையாளர்

தேநீருக்கு நன்றி. சர்க்கரை தூக்கல், பரவாயில்லை. அளவு பார்த்துச் செய்கிறவர்கள் எங்கேயும் குறைவுதான்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும். என் தங்கையின் கணவர், குழந்தை மருத்துவர், கைராசிக்காரர் என்று பேர். கணினியின் தலையில் இரண்டு தட்டு தட்டினால் வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்.

அவர் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது நான். குழந்தையின் எடையைப் போட்டால் எந்த மருந்து எவ்வளவு என்று திரையில் வரும். உரிமை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "குடும்பத்துக்குள்ள என்ன மச்சான் எழுத்து?" என்று தோளில் தட்டினார். பிறகு இரண்டாவது மருத்துவமனை திறந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முழுதையும் பிரதி எடுத்து அங்கே போட்டுக்கொண்டார். முகப்பில் என் பெயர் இருந்த இடத்தில் தன் படத்தை வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "சட்டை தைக்கக் குடுத்தா சட்டை என்னுதுதானே மச்சான்? டெய்லர் வந்து கழட்டிட்டுப் போவாரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கையும்தான். விளக்கிச் சொல்ல நான் மெனக்கெடவில்லை. விளங்கும் இடத்தில்தான் விளக்கலாம்.

எங்கள் தொழிலில் சிலர் செய்வதுண்டு. களவு போனால் தன்னுடையது என்று காட்ட, கண்ணுக்குப் படாத இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பார்கள். நான் அதை முதல் நாளே வலிப்பு மருந்தில் வைத்திருந்தேன். எட்டுக்கும் ஒன்பது கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தை என்றால் அளவு இரண்டு மடங்காகக் காட்டும். பத்து மடங்கை முட்டாளும் கண்டுபிடிப்பான். இரண்டு மடங்கு, நல்ல அனுபவசாலியின் கண்ணிலேயே நழுவும். முதல் மருத்துவமனையில் அதைத் திருத்துகிற கோப்பு ஒன்று, மென்பொருளைப் பிரதி எடுத்தால் கூடவே போகாதபடி, வெளியே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாருக்கும் ஆபத்தில்லை. பிரதி எடுத்தவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. நேர்மையானவருக்கு என்னால் ஒரு கெடுதலும் வந்ததில்லை, கவனியுங்கள்.

முந்தாநாள் சாயங்காலம் தங்கை அழைத்தாள். அவள் குழந்தை, எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, புது மருத்துவமனையில் சேர்த்திருந்தாள். மாப்பிள்ளை வெளியூரில்.

"அண்ணா, பாப்பா எட்டரை கிலோதான். ஸ்க்ரீன்ல காட்டுற அளவு ஜாஸ்தியோன்னு நர்ஸம்மா யோசிக்கிறாங்க. நீ எழுதினதுதானே, சரியா இருக்குமா?"

"நான் எழுதினா என்னம்மா, உன் வீட்டுக்காரரோடதுதானே. அவரையே கேளு."

"அவர் போனை எடுக்கலண்ணா. இந்த நேரத்துலயும் உனக்கு இதே பேச்சா? சரியா தப்பான்னு மட்டும் சொல்லு."

"அடுத்தவங்க பொருளுக்கு நான் எப்படிம்மா உத்தரவாதம் தர்றது?"

வைத்துவிட்டாள். நர்ஸ் திரையை நம்பினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம் என்கிறீர்கள். தடுத்திருக்கலாம்தான். அன்றைக்கே பிழையைத் திருத்தியிருப்பார்கள், என் கையில் இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும். மாப்பிள்ளை அடுத்த விருந்தில் வேறொரு சட்டைக் கதை சொல்லியிருப்பார். ஆகவே தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பிழையும் நான் எழுதியதுதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாப்பா என் தோளில் தூங்கிப் பழகியவள். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?

நேற்று பிணவறை வாசலில் மாப்பிள்ளை என்னைப் பிடித்து உலுக்கினார். "நீதானே எழுதின! இதை நீதானே எழுதின!" என்று கட்டடமே கேட்கும்படி கத்தினார். நர்ஸ்கள், டாக்டர்கள், வாசலில் நின்ற காவலாளி, என் தங்கை, எல்லாரும் கேட்டார்கள்.

ஒருவழியாக மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார்.