ஆடுற ஸ்டூல்

ஆடத்தான் செய்யும் டாக்டரம்மா, பயப்படாம உக்காருங்க. நாலு காலும் நாலு ஒசரம், அவ்வளவுதான். அதைத் தச்ச ஆளுக்கு ஆணியும் அடிக்கத் தெரியாது, அளவும் எடுக்கத் தெரியாது. ஐயோ, எங்க வீட்டுக்காரர் இல்லீங்க. அவர் தச்சிருந்தா இந்நேரம் நீங்க தரையில கெடப்பீங்க. கொஞ்சம் செவுத்தோரமா நகர்ந்துக்கங்க. ஆங், அப்படித்தான்.

நோட்டு இந்தாங்க. அறுபது நாளும், காலையும் சாயங்காலமும், மாடு மாடா எழுதியிருக்கேன். நடுவுல அந்தக் கறை டீ. ஒத்தக்கொம்பி வாலை வீசினதுல டம்ளர் கவுந்துடுச்சு. யாராவது நோட்டும் பேனாவுமா நின்னாலே அவளுக்கு ஆகாது. போன தடவை உங்களை ஒரு பார்வை பாத்தாளே, ஞாபகம் இருக்கா?

என்ன, நெத்தியச் சுருக்குறீங்க? கூடியிருக்குதானே? ஒத்தக்கொம்பி எட்டு லிட்டர்ல இருந்து ஒம்பதரை. வம்பி ஏழே கால்ல இருந்து எட்டே முக்கால். மத்த ரெண்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கொழுப்பும் ஏறியிருக்கு. கொட்டகையில அந்தப் பக்கமும் ஒன்றரைதானா? நீங்க குடுத்த சத்துப் பவுடர் தின்ன மாட்டுக்கும் ஒன்றரை, தின்னாத மாட்டுக்கும் ஒன்றரையா? அட, பாருங்களேன்.

மழைதாங்க. மழை பெஞ்சா புல்லு தளதளன்னு வந்துடுது. புல்லு வந்தா பால் வராம எங்க போகும்? மழைக்கு முன்னாடியே ஏறிடுச்சா? பன்னெண்டாம் நாளு வரைக்கும் எட்டு, அப்புறம் மெள்ள மெள்ளவா? நோட்டை அப்படி உத்துப் பாக்காதீங்க டாக்டரம்மா, இந்த வயசுலயே கண்ணாடி போட்டிருக்கீங்க.

சரி, அப்ப என் கைராசின்னு எழுதிக்குங்க.

சிரிக்காதீங்க. சண்டையே அந்த ஒரு வார்த்தையிலதானே வந்துச்சு. அந்தப் பக்கத்துக்காரி என் ஓரகத்தி, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அது உங்களுக்குத் தெரியும். நாங்க ரெண்டு பேரும் பேசி மூணு வருசம் ஆச்சு, அது தெரியுமா? தெரிஞ்சிருந்தா எங்களை எதுக்கு ஜோடி சேத்திருப்பீங்க! ஒரே கொட்டகை, ஒரே தண்ணி, ஒரே வைக்கோலு, ஆளுக்கு நாலு மாடு, இதைவிடத் தோதா எங்க கெடைக்கும்னு துள்ளிக் குதிச்சு வந்தீங்க. நடுவுல இடுப்பொசரத்துக்கு ஒரு செவுரு நிக்குதே, அது ஏன்னு கேக்கவே இல்ல.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒத்தக்கொம்பிக்கு மடிநோவு வந்து ஒரு காம்பு அடைச்சுப் போச்சு. நானே அழுதுக்கிட்டு நிக்கேன், பால் சொசைட்டி வரிசையில, கேனும் கையுமா, அத்தனை பேர் முன்னாடி சொல்றா: அவ கை பட்டா எந்த மடியும் வத்திடும். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. காலையில நாலரைக்கு எந்திரிச்சு, அதுங்களுக்குப் போட்டுட்டுத்தான் நான் வாயில தண்ணியே ஊத்துவேன்.

நானும் சும்மா இல்ல. பதிலுக்கு ஒண்ணு சொன்னேன். என்னன்னு கேக்காதீங்க. அவளுக்குப் புள்ளை இல்ல, அது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். சொன்ன வாய இன்னிக்கும் கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். மறுநாளே செவுரு வந்துடுச்சு. அண்ணனும் தம்பியும் ஒண்ணாவே டீ குடிப்பாங்க, ஒரே வண்டியில போவாங்க வருவாங்க. நாங்க மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிப்போம்.

அப்பதான் நீங்க வந்து, பவுடர் அந்தக்கா மாட்டுக்கு, உங்க மாடு ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னீங்க. அதாவது அவ ஏறினதைக் காட்ட நான் கீழ நிக்கணும். தலைய ஆட்டினேன். என்ன பெரிய பவுடரு, மாட்டு வயித்துல இருக்கிற பூச்சிபொட்டு நல்லா வேலை செய்யுமாம், அசை போடுமாம், தின்னது ஒடம்புல ஒட்டுமாம், இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சாச்சுன்னு நெனச்சேன். பத்தாம் நாளு சொசைட்டியில அளக்கிறவர் அவ கேனைப் பாத்துட்டு, என்னக்கா மாடு புதுசா புடிச்சீங்களான்னு கத்துறாரு. அவ கேன் மூடியத் திருகிக்கிட்டு, லேசா ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நீங்க பாத்திருக்கணும்!

இருங்க இருங்க, அங்க என்ன எழுதறீங்க? பலன் இல்லைன்னா? ஏங்க? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறினா பவுடரால ஏறலன்னுதான் அர்த்தமா? அப்ப சொசைட்டியில யாருக்கும் தர மாட்டாங்களா? இருநூறு வீட்டுக்கும் வராதா?

பேனாவ மூடுங்க டாக்டரம்மா. மூடுங்கன்னா மூடுங்களேன்.

அது நல்ல பவுடருங்க. ரொம்ப நல்ல பவுடரு. சாணியே கெட்டியாயிடுச்சு, அசை போட ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்ல. எனக்கு எப்படித் தெரியுமா? எப்படித் தெரியும், என் மாடும் தின்னுச்சு. நாலும்தான். பன்னெண்டாம் நாள்ல இருந்து.

திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். அறுபது நாளு வெயில்லயும் மழையிலயும் வந்து போனீங்க, எல்லாத்தையும் நான் கெடுத்துட்டேன். ஆனா என் நெலமையக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. நீங்க ஊருக்கெல்லாம் அட்டை ஒட்டுவீங்க, ஒரு பக்கம் அவ மாடு, இன்னொரு பக்கம் என் மாடு. அவ கை, என் கை. அவ சொன்னது சரின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்ல?

எப்படின்னா, சாயங்காலம் அவ கேனைத் தூக்கிக்கிட்டு சொசைட்டிக்குப் போவா. எங்க கேனை எங்க வீட்டுக்காரர் கொண்டு போயிடுவாரு. இருவது நிமிசம் கொட்டகையில மாடும் நானும்தான். செவுத்த ஒரே தாவு. ஆனா அவ என்ன கெட்டிக்காரி தெரியுமா? நீங்க குடுத்தது பன்னெண்டு கிலோ மூட்டை, அதைக் கொண்டு போயி பெரிய நீல டிரம்முல கொட்டி, மூடியப் போட்டு, மூடி மேல ஒரு கல்லையும் வச்சிருக்கா. எலிக்குன்னு சொல்லிக்கிட்டா. எந்த எலின்னு எனக்குத் தெரியாதா!

என் ஒசரத்தைப் பாருங்க. டிரம் என் நெஞ்சுக்கு நிக்குது, பவுடர் அடியில கெடக்குது. கல்லை எறக்கி, மூடியத் தொறந்து, வயித்தை விளிம்புல போட்டு, தலைகீழாத் தொங்கி, கால் ரெண்டும் ஆகாசத்துல. ஒரு நாள் உள்ள தொங்கிக்கிட்டே தும்மிட்டேன். டிரம்முக்குள்ள தும்மினா எப்படிக் கேக்கும்னு நெனைக்கிறீங்க? எட்டு மாடும் எந்திரிச்சு நின்னுடுச்சு. வெளிய வந்தா தலையெல்லாம் பவுடரு, வெல்லக் கலர்ல. தட்டிவிட்டுட்டுக் கொழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போறேன், அவ எதிர்ல வர்றா. என் வகிட்டைப் பாத்தா. கொடத்தை வச்சா, புடிச்சா, போயிட்டா. நானும் அப்பாடான்னு வந்துட்டேன்.

என்ன சொன்னீங்க?

ரெண்டாவது மூட்டையா? அவ எப்பக் கேட்டா? முப்பத்தாறாம் நாளா. மழையில நனைஞ்சு கட்டி கட்டியாயிடுச்சுன்னு சொன்னாளா.

மூடி போட்ட டிரம்மு டாக்டரம்மா. போன வருசம்தான் அந்தப் பக்கம் புதுத் தகரம் போட்டாங்க. மழை பெஞ்சா என் பக்கம்தான் ஒழுகும், அவ பக்கம் ஒரு சொட்டு விழாது.

நாலு மாட்டுக்கு அறுபது நாள் வரவேண்டியது. பன்னெண்டாம் நாள்ல இருந்து எட்டு மாடு தின்னா முப்பத்தாறுல முடியும். சரியா முடிஞ்சிருக்கு. நான் பாட்டுக்கு அள்ளிக்கிட்டே இருந்தேன், இந்தப் பவுடர் என்ன கொறையவே மாட்டேங்குதுன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? உங்ககிட்ட ஒரு வார்த்தை, சின்னவ திருடறான்னு சொல்லியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். சொசைட்டி வரிசையில நான் தலை நிமிர்ந்து நிக்க முடியுமா? அவளுக்கு அதைவிட நல்ல சமயம் கெடைக்குமா, சொல்லுங்க. அதை விட்டுட்டு உங்ககிட்ட வந்து மழை பெஞ்சுதுன்னு பொய் சொல்லியிருக்கா. அவளுக்குப் பொய்யே வராதுங்க, வாய் கொழறும். எப்படித்தான் சொன்னாளோ.

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. நீங்க தண்ணி குடிங்க.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். தும்முன மறுநாளு போறேன், மூடி மேல கல்லைக் காணோம். சரி, மறந்திருப்பான்னு நெனச்சேன். அடுத்த வாரம் கொழாயடியில பாக்குறேன், அவ கட்டை விரல்ல பெருசா ஒரு கட்டு. நல்லா வேணும்னு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டுக்கிட்டேன், ஆமா, படலன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் செவுத்தத் தாண்டிக் குதிக்கிறேன், டிரம்முக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் நிக்குது. பழைய பலகை, புது ஆணி. பாதி ஆணி மடங்கிப் போயிருக்கு. நாலு காலும் நாலு ஒசரம்.

அவ என்னைவிட ஒரு முழம் ஒசரம் டாக்டரம்மா. நின்ன எடத்துல குனிஞ்சு கையை விட்டா டிரம்முக்கு அடி வரைக்கும் போகும். அவளுக்கு எதுக்கு ஸ்டூலு?

அதுக்கப்புறம் முப்பது நாளும் அது மேல ஏறித்தான் அள்ளினேன். ஏறும்போதெல்லாம் ஆடும். விழுந்தா கேக்க ஆளில்ல, ஆனா விழல. நேத்து போனா டிரம்மைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. ஸ்டூல் மட்டும் அப்படியே நிக்குது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அதையும் திருடிட்டேன்னு வச்சுக்கங்க.

நீங்க என்ன பண்ணுங்க, உள்ளது உள்ளபடி எழுதுங்க. எட்டு மாடும் தின்னுச்சு, எட்டும் ஏறுச்சுன்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க, பரவால்ல. ஒப்பிட்டுப் பாக்க வேற யாரையாவது புடிங்க. நல்லாப் பேசிக்கிற வீடா வேண்டாம், சண்டை போட்டுக்கிட்ட வீடும் வேண்டாம், ரெண்டுலயும் பவுடர் செவுரு தாண்டிடும்.

கொஞ்சம் எந்திரிங்க. ஐயோ, உங்களைப் போகச் சொல்லல, அந்த ஸ்டூல் வேணும். கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன். அவ வீட்டுலதான் இருப்பா, கறவைக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் இந்தப் பாயில உக்காருங்க, இது ஆடாது.

என்ன சொல்லி ஆரம்பிப்பேனா? மூணு வருசம் கழிச்சுப் போறேன், வேற என்னத்தைச் சொல்ல. கட்டை விரலு ஆறிடுச்சாக்கான்னு கேக்கப் போறேன்.