பிறந்த நட்சத்திரத்துக்கு நீலம்

மாலை ஐந்து நாற்பதுக்கு, சைதாப்பேட்டை பெயிண்ட் கடையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு செல்போன் படம். பள்ளிச் சுவரில் உரசிக்கொண்டு நிற்கும் இரண்டு விண்மீன் மண்டலங்கள், அவற்றில் எங்கும் சிவப்புப் புள்ளிகள். போனைப் பிடித்திருந்தவர் அந்தப் பள்ளியின் டீச்சர். பக்கத்தில், சுவரில் அதை வரைந்த பெயிண்டர்.

“பொறந்த நட்சத்திரக் குழந்தைக்கெல்லாம் செவப்பு அடிச்சுட்டீங்களேண்ணே!”

“ரெண்டும் மோதிக்கினு கீதுன்னு நீங்கதான சொன்னீங்கோ டீச்சர். மோதுனா ரத்தம் வராதா?”

“நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு முட்டாதுண்ணே, நடுவுல அவ்ளோ எடம். வாயுதான் நெருக்கிக்கிட்டு, புதுசு புதுசா நட்சத்திரம் பொறக்கும். புதுசு நீலமா இருக்கும். வயசானதுதான் செவப்பு.”

“எங்க ஊட்ல தலகீழு. பொறக்கசொல்லோ செவப்பு, வளந்தா கருப்பு.”

“நாளைக்குக் காலைல பசங்க வந்து பாப்பாங்க. தப்பா மனசுல நின்னுடும்ணே.”

“பெண்டு நிமிர வரஞ்சிகீறேன். வெள்ளையடிச்சு அழிக்க சொன்னீங்கன்னா, இப்டியே ஊட்டுக்குப் பூடுவேன்.”

“ஐயோ, வேணாம்ணே. ஒவ்வொண்ணோட நடுவுல இருக்கறதெல்லாம் கெழடு, செவப்பாவே இருக்கட்டும். ரெண்டும் உரசற எடத்துல இருக்கற புள்ளிய மட்டும் நீலமாக்கிடுங்க.”

பெயிண்டர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அவ்ளோதானா? காலைக்குள்ள முடிச்சிரலாம்.”

டீச்சர் கடைக்காரரிடம் நீலத்தில் ஒரு சின்ன டப்பா கேட்டார்.

“இன்னா டீச்சர், இம்மாம் பெரிய மோதலுக்கு இத்தினியூண்டா? பெருசா குடு நைனா, நெறைய பொறக்கட்டும்!”

கடைக்காரர் நான்கு லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார்.