பத்து மணிக்கு மோப்பம்-4

மாமனார்: இன்னும் எத்தனை நிமிஷம், மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: பதினொண்ணு, மாமா.

மாமனார்: அவ்வளவுதானா!... இல்ல, நல்லதுன்னு சொல்றேன்.

மாப்பிள்ளை: பத்து அடிச்சதும் முன்பதிவு பட்டன் பச்சையாகும். அமுக்கிட வேண்டியதுதான்.

மாமனார்: நெட்டு கிட்டு போயிடாதே?

மாப்பிள்ளை: போகாது மாமா... போகுமா?

மாமனார்: போனா நாம என்ன பண்ண முடியும்? நம்ம கையிலயா இருக்கு?

மாப்பிள்ளை: அதானே.

மகள்: நெட்டெல்லாம் ஜோரா இருக்கு. ரெண்டு பேரும் லேப்டாப்பை விட்டு நகராதீங்க.

மாப்பிள்ளை: உங்க அப்பா ஆசையைப் பார்த்தியா? ஆறு மணிக்கே குளிச்சுட்டு வந்து உக்காந்துட்டார்.

மாமனார்: என்னைச் சொல்றீங்களே! சாப்பிடும்போதுகூட அந்தப் புதையல் தேடுற மிஷின் வீடியோவைப் பார்க்கிறது யாரு?

மகள்: உங்க ரெண்டு பேர்கிட்ட சின்னப் பிள்ளைங்க தோத்துடும். நான் உள்ள போய் துணி மடிக்கிறேன்.

மாமனார்: ...போயிட்டாளா?

மாப்பிள்ளை: போயிட்டா. ஏன் மாமா?

மாமனார்: சும்மா கேட்டேன். இந்த மோப்பம் நாலு... கனமா இருக்குமோ? உங்க தோள்பட்டை வலிக்கு...

மாப்பிள்ளை: என் தோளை விடுங்க. உங்க முட்டிதான் எனக்குக் கவலை.

மாமனார்: முட்டிக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு. நாப்பது வருஷம் தபால் பையைத் தூக்கிட்டு நடந்த முட்டி.

மாப்பிள்ளை: போன ஞாயித்துக்கிழமை மைதானத்துல குனிஞ்சவர் நிமிரவே இல்லையே. ரெண்டு பேர் வந்து தூக்கினாங்க.

மாமனார்: அது புதையல் கிடைச்ச சந்தோஷம்.

மாப்பிள்ளை: அப்போ வாங்கிடலாம்.

மாமனார்: வாங்கிடலாம்... உங்களுக்காகத்தான்.

மாப்பிள்ளை: எனக்காகவா? உங்களுக்காக மாமா!

மாமனார்: சரி சரி, யாருக்கோ. அதுல அப்படி என்ன புதுசு? நம்மகிட்ட இருக்கிற மெட்டல் டிடெக்டரே ரெண்டு வருஷமா நல்லாத்தானே கத்துது?

மாப்பிள்ளை: படிக்கிறேன், கேளுங்க. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது... சோடா மூடிக்கெல்லாம் கத்தாது... அப்புறம், பொருளைப் புதைச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு... மண்ணைப் பார்த்தே...

மாமனார்: என்ன நிறுத்திட்டீங்க?

மாப்பிள்ளை: ...திரையில காட்டுமாம்.

மாமனார்: நாள் கணக்கா?

மாப்பிள்ளை: மணிக் கணக்கா.

மாமனார்: அநாவசியம். அதெல்லாம் நமக்கு எதுக்கு?

மாப்பிள்ளை: சுத்த அநாவசியம்! பழசே போதும் மாமா.

மாமனார்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மாப்பிள்ளை: உங்களுக்கும்தான் வேர்க்குது.

மாமனார்: ஃபேன் சரியாச் சுத்தல.

மாப்பிள்ளை: மாமா... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

மாமனார்: விஷயத்தைப் பொறுத்து.

மாப்பிள்ளை: மைதானத்துல உங்களுக்கு ஒரு ஸ்பூன் கிடைச்சுது இல்ல... அரண்மனை ஸ்பூன்னு குதிச்சீங்களே...

மாமனார்: ஆமா, தலைமாட்டுல வச்சிருக்கேன்.

மாப்பிள்ளை: அது நம்ம வீட்டு ஸ்பூன்.

மாமனார்: என்னது!

மாப்பிள்ளை: நான்தான் புதைச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு பிரேம் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு... உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காம முகம் வாடிப்போச்சு. மனசு கேக்கல.

மாமனார்: அடப்பாவி மாப்பிள்ளை!... சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

மாப்பிள்ளை: ஆறு, ஆறரை.

மாமனார்: நல்லவேளை. நான் அஞ்சரைக்கே கிளம்பிடுவேன்.

மாப்பிள்ளை: எங்கிருந்து?

மாமனார்: அதே மைதானத்துலேருந்து.

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: உங்களுக்குக் கிடைச்ச அந்தப் பித்தளை பட்டன்... என் பழைய யூனிஃபார்மோடது.

மாப்பிள்ளை: அந்தப் பல்சக்கரம்?

மாமனார்: என் அலாரம் கடிகாரம்.

மாப்பிள்ளை: ஐயோ! அதைக் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேனே! ஆதிகாலத்துல நட்சத்திரம் பார்க்கிற கருவின்னு எழுதி ஒட்டியிருக்கேன்! வர்றவங்க எல்லாம் கும்பிடாத குறையாப் பார்த்துட்டுப் போறாங்க!

மாமனார்: அதனாலதான் நான் உங்க கடைப் பக்கமே வர்றதில்ல.

மாப்பிள்ளை: அப்போ நிஜமாவே கிடைச்சதுதான் என்ன?

மாமனார்: சோடா மூடி.

மாப்பிள்ளை: மாமா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு இது பிடிக்குமா பிடிக்காதா?

மாமனார்: காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு வேகாத வெயில்ல மண்ணை முறைச்சுப் பார்க்கிறது எவனுக்கு மாப்பிள்ளை பிடிக்கும்? உங்களுக்குப் பிடிக்குதேன்னு வந்தேன்.

மாப்பிள்ளை: எனக்கா? வாரத்துல ஒரு நாள் தூங்கலாம்னு பார்க்கிற ஆளு நான்! உங்களுக்காக வந்தேன்!

மாமனார்: நீங்க கடை கடைன்னு தேஞ்சு போறீங்க, தனியாப் போகக் கூச்சப்படுறீங்க, துணைக்குப் போங்கப்பான்னு...

மாப்பிள்ளை: நீங்க இங்க வந்ததுலேருந்து தபாலும் இல்லாம தெருவும் இல்லாம மனசு ஒடிஞ்சு கிடக்கிறீங்க, கூட்டிட்டுப் போங்கன்னு...

மாமனார்: யாரு சொன்னா?

மாப்பிள்ளை: உங்ககிட்ட யாரு சொன்னா?

மாமனார்: ...என் மக.

மாப்பிள்ளை: ...என் பொண்டாட்டி.

மாமனார்: பாவம், நம்ம மேல அவ்வளவு அக்கறை.

மாப்பிள்ளை: பத்து ஆயிடுச்சு மாமா. பட்டன் பச்சையாகிடுச்சு.

மாமனார்: தொடாதீங்க! கையை எடுங்க!

மாப்பிள்ளை: எடுத்துட்டேன். லேப்டாப்பையே மூடிட்டேன். அப்பாடா!

மாமனார்: ஆனா ஒண்ணு மாப்பிள்ளை... போற வழியில உங்களோட பேசிக்கிட்டே நடக்கிறது இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பொய் இல்ல.

மாப்பிள்ளை: எனக்கும்தான் மாமா. இனிமே மிஷின் இல்லாமலே வீட்ல உக்காந்து பேசுவோம். ஞாயித்துக்கிழமை பூரா. இதோ, இந்த சோபாவுலயே!

மாமனார்: டிவியைச் சத்தமா வச்சுக்கிட்டு!

மாப்பிள்ளை: மணிக்கொரு தரம் காபி கேட்டுக்கிட்டு! ஏய்... இங்க வாயேன்! ஒரு நல்ல சேதி! நாங்க மிஷின் வாங்கல!

மகள்: எனக்குத் தெரியும், இப்படி ஏதாவது பண்ணுவீங்கன்னு. அதான் ஒன்பது அம்பத்தொன்பதுலேருந்து ஃபோனைக் கையிலயே வச்சிருந்து, ஆளுக்கு ஒண்ணா ரெண்டு புக் பண்ணிட்டேன். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில இந்த சோபாவுல காலை நீட்டிப் படுக்கிறது நான் ஒருத்திதான்... அதை விட்டுக்கொடுப்பேன்னு நினைச்சீங்களா?