தூசி இல்லாத அறை

பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிப்பதில் பாதி வேலை சோப்புத் தண்ணீரில் கழுவுவதுதான். பலர் இதைச் செய்வதில்லை. அவசரப்பட்டு நேராக டப்பாவைத் திறக்கிறார்கள், மூன்றே மாதத்தில் தோல் உரிகிறது. நான் எங்கள் காரின் டேஷ்போர்டு பேனல்கள் ஐந்தையும் கழற்றி, கழுவி, நிழலில் காயவைத்து, வாட்டர் பேப்பரால் இரண்டு நாள் தேய்த்தேன். நான் நிதானமானவன் ஐயா. ஆத்திரத்தில் செய்த காரியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கார் பழையது. மார்க்காபுரத்து வெயிலில் நின்று நின்று டேஷ்போர்டு பழுப்பேறிப் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைக் கருப்புக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்ததற்குக் காரணம் என் அக்கா புருஷன் ஓபுலேசு. அவர் மகன் கல்யாணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் காரில் வருவதாகப் பேச்சு. பத்திரிகை கொடுக்க வந்தவர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“என்னடா மச்சான், இது டேஷ்போர்டா, பருப்பு காஞ்சுபோன சட்டியா? என் மருமக ஏறினதும் மொதல்ல கண்ணுல படறது இதானா?”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள மாத்திடறேன் மாமா.”

“நீ மாத்துவ. மண்டல ஆபீஸ்ல ஒரு ஃபைல இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்கு மாத்த ஒனக்கு ஆறு மாசம் ஆகுது. நான் வாடகைக் காரே பேசிக்கறேன்டா.”

கூட வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அறைக்குள் படுத்திருந்த என் நைனாவும், அப்பாவைத்தான் சொல்கிறேன், சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. அவரைச் சிரிக்க வைத்ததற்காக ஓபுலேசை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மாலகொண்டய்யா. முப்பத்திரண்டு வருஷம் சிலேட்டுக் கல் அறுத்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மூக்கு முடி எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். வெளியில் இருந்ததைக் கழுவிக்கொள்வார், உள்ளே போனதைக் கழுவ முடியவில்லை. அந்தக் கல் தூளில்தான் எங்களுக்குச் சோறு, எனக்குப் படிப்பு, அப்புறம் உத்தியோகம். நான் மறக்கவில்லை. அதனால்தான் டாக்டர் சொன்னபடி அவருக்கென்று தூசி புகாத ஓர் அறையைத் தயார் செய்தேன். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் வைத்து அடைத்தேன். ஏ.சி. போட்டேன். ஈஸ்வரம்மா, என் மனைவி, தினம் இரண்டு வேளை தரையை ஈரத்துணியால் துடைத்தாள். ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக ஓடிற்று. ‘தூசி கூடாது, நோயாளியை வெளியே கொண்டுவரக் கூடாது’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கதவிலேயே ஒட்டினேன். பேசினால் மூச்சு தீர்ந்துவிடும் என்பதால் கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்திருந்தேன். வேண்டியதை எழுதிக் காட்டுவார். ஊரில் எத்தனை பேர் அப்பனுக்கு இவ்வளவு செய்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

ஸ்ப்ரே கன், சின்னக் கம்ப்ரஸர், பெயின்ட் எல்லாம் மஸ்தானிடம் வாங்கினேன். பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். தொழில் தெரிந்தவன்.

“கருப்பு யாரு வேணா அடிக்கலாம்ணே. அதுக்கு மேல அடிக்கிற கிளியர்லதான் விஷயமே. காயறதுக்குள்ள ஒரு இழை விழுந்தாலும் மரு மாதிரி நிக்கும். தூசி இல்லாத ரூம் இருக்கா வீட்ல?”

“ஒண்ணு இருக்கு.”

“இந்த ஹார்டனரு சேத்துட்டா நெஞ்சுக்கு ஆவாது. இந்தா, மாஸ்க் போட்டுக்க. உள்ள வேற யாரும் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“யாரும் இல்ல.”

நைனா கட்டிலை விட்டு எழுந்திருப்பதே இல்லை, அறையில் நடமாட்டம் கிடையாது என்ற பொருளில்தான் அப்படிச் சொன்னேன். மஸ்தான் ஒரு மாஸ்க் கொடுத்தான். இரண்டு பேர் என்று சொல்லியிருந்தால் இரண்டு கொடுத்திருப்பான். நல்ல பையன்.

புதன்கிழமை பிரைமர். ஈஸ்வரம்மா அங்கன்வாடி வேலைக்குப் போன பிறகு, கட்டிலின் கால்மாட்டில் பலகை போட்டு, பேனல்களை வரிசையாக வைத்தேன். அறையில் பெரிய பிளக் ஒன்றுதான். அதில் ஆக்சிஜன் மெஷின் இருந்தது. கம்ப்ரஸருக்கும் அதுதான் வேண்டும். மேலும் ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் தின்னர் வாடை சேர்வது ஆபத்து. தீப்பிடித்தால் எழுந்து ஓட முடியாதவர் கதி என்ன? அதனால் மெஷினை நிறுத்தினேன். அவருடைய பாதுகாப்பை யோசித்து நிறுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அஜாக்கிரதை என்று என் அக்கா சொல்லித் திரிகிறாள். பத்து நிமிஷம் வரை மெஷின் இல்லாமல் தாங்குவார் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். எட்டு நிமிஷத்தில் முடித்தேன்.

நைனா சிலேட்டில் ‘நாத்தம்’ என்று எழுதிக் காட்டினார்.

“ரெண்டு நாளுதான் நைனா. பேரன் கல்யாணம் ஒங்களுக்கும் கௌரவம்தானே.”

சாயங்காலம் ஈஸ்வரம்மா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க இது கண்றாவி? பெரியவர ஹால்ல போட்டுட்டாவது அடிங்களேன்.”

“கதவுல என்ன ஒட்டியிருக்கு, படி.”

“ஆமா, ஆபீஸ்ல வரவங்களுக்கும் இப்படித்தான் காயிதத்தக் காட்டி அனுப்புவீங்க.”

“ஹால்ல தூசி, ஈஸ்வரி. டாக்டர் பேச்ச மீறச் சொல்றியா?”

அவள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போனாள். எழுத்தில் இருப்பதை நான் மீறுகிறவன் அல்ல. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை கருப்பு. நைனா ‘வெளியே’ என்று எழுதினார். அந்தத் தாளை அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் துடைத்துவிட்டு மறுபடி ‘வெளியே’ என்றே எழுதினார். எழுத எழுத ஏ.சி. காற்றில் பலப்பத்தூள் பறந்து வந்து ஈரக் கருப்பில் உட்கார்ந்தது. பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஒரு பேனலை முழுக்கத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அன்றோடு சிலேட்டை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன். கல் தூள் எப்படிப் பறக்கும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் என்னிடம் சிலேட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்டிருப்பார் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிளியர். மூன்று கை, அதாவது மூன்று பூச்சு, அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவே பத்து நிமிஷம் ஆறவிட வேண்டும். கலந்து வைத்த கிளியர் அதற்கு மேல் காத்திருக்காது. நான் மாஸ்க் போட்டுக்கொண்டேன், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். முதல் கை அடித்து முடித்ததும் கம்ப்ரஸரைப் பிடுங்கிவிட்டு ஆக்சிஜன் மெஷினைப் போட்டேன். இதை முக்கியமாகக் கவனியுங்கள். நான் போட்டேன். ஆனால் அந்த மெஷினுக்குள் ஒரு விசிறி இருக்கிறது. அது ஓடத் தொடங்கியதும் போர்வையிலிருந்து ஓர் இழை கிளம்பி, மிதந்து போய், காரின் ஏ.சி. துவாரத்தைச் சுற்றிப் பொருத்துகிற பேனலில் விழுந்தது. ஊசி முனையால் எடுத்தேன். தழும்பு நின்றுவிட்டது.

எனவே இரண்டாவது கைக்குப் பிறகு நான் மெஷினைப் போடவில்லை.

அந்தப் பத்து நிமிஷமும் அவர் பக்கம் திரும்பவில்லை. இருமல் சத்தம் கேட்டது. பிறகு இருமல் சின்னதாயிற்று. ஒவ்வொரு இருமலுக்கும் கட்டில் அசைந்து பலகையில் இடித்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. பேனல்கள் அசையாமல் இருந்தன. நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது கையில் நான்கு பேனல்கள் முடிந்து, கடைசியாக நீளமான துண்டு. பாதி அடித்திருந்தபோது திரும்பிப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். பார்த்தேன். உதடு கருநீலமாக இருந்தது. நெஞ்சு எழவில்லை, தொண்டைக்குழி மட்டும் உள்ளே இழுத்தது. பிளக் எனக்குக் கைக்கெட்டும் தூரம். ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தால் அடித்த பாதிக்கும் அடிக்காத பாதிக்கும் நடுவே கோடு விழும். அந்தக் கோட்டை அப்புறம் எந்தப் பேப்பரைக் கொண்டு தேய்த்தாலும் எடுக்க முடியாது. மஸ்தானைக் கேளுங்கள்.

அடித்து முடித்தேன். ஓரங்களையும் முடித்தேன். ஆறு நிமிஷம் இருக்கும், ஏழு இருக்காது.

பிறகும் கதவைத் திறக்கவில்லை. கிளியர் மேலாகக் காயட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் ஈஸ்வரம்மா வந்து கதவை இடித்துத் தள்ளித் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மெஷினைப் போட்டு, குழாயை நைனாவின் மூக்கில் சரிசெய்தாள். பிரயோஜனம் இல்லை என்று சொன்னேன்.

“அவரு ஒங்கள ஒண்ணுமே கேக்கலையா?” என்றாள்.

“ஒண்ணும் கேக்கல” என்றேன். உங்களிடமும் முதல் நாள் அப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை அல்ல.

நான் திரும்பிப் பார்த்தபோது நைனா வலது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டியிருந்தார். பிளக்கைக் காட்டியிருப்பார் என்று ஈஸ்வரம்மா சொல்கிறாள், நீங்களும் அதையே எழுதுவீர்கள். அவள் கல் அறுக்கிறவர்களோடு வளர்ந்தவள் அல்ல. காலமெல்லாம் கல்லைத் தடவி வழுவழுப்புப் பார்த்த கை அது. பளபளவென்று ஒன்று எதிரில் இருந்தால் அந்தக் கை சும்மா இருக்காது, தொட்டுப் பார்க்க வரும்.

“ஈரம் நைனா, தொடாதீங்க” என்று சொல்லி, பேனலை அவருக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன்.