முத்துராஜ் பேரில் பதிவான ஊசியும் எங்கள் சாமுண்டீஸ்வரி அக்காவும்

ஏரிக்கும் கடலுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் அலுக்காமல் நடந்த அன்புத் தாயே! பனிக்கட்டிப் பெட்டியைத் தோளிலும் பிறர் துயரை நெஞ்சிலும் சுமந்த பண்பின் பெட்டகமே! சேற்றில் இறங்கச் செருப்பைக் கழற்றியவரே, எவர் வீட்டு வாசலிலும் ஏற்றத்தாழ்வு பாராதவரே! கிராம சுகாதாரச் செவிலியர், எங்கள் அக்கா சாமுண்டீஸ்வரி அவர்களே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்தி மடல் எழுதுவதென்று முடிவானதும் நல்ல சொற்களாகத் தேடி எழுதினோம். எழுதியதைப் படித்தும் பார்த்தோம். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக எங்கள் எல்லோருடைய தொண்டையிலும் நிற்கிற ஒன்று அதில் இல்லை. அதைச் சொல்லாமல் உங்களுக்குச் சால்வை போர்த்த எங்கள் கை வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினால், "போதும் உடுங்கப்பா" என்று கையமர்த்தி விடுவீர்கள். ஆகவே அவையோரிடம் சொல்கிறோம். கொஞ்ச நேரம் நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவையோரே! சாமுண்டீஸ்வரி காட்டூர்க்காரர். நெல் வயலோரம் பிறந்து வளர்ந்தவருக்குத் தண்ணீரென்றால் பயம். வேலையில் சேர்ந்த புதிதில், பசியாவரத்தைத் தாண்டி ஏரிக்குள் தீவாக இருக்கும் நடுத்திட்டுக் குப்பத்துக்குப் படகேறும் நாளெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாராம். கரை தட்டியதும்தான் கண் திறப்பாராம். பயம் இன்றைக்கும் போகவில்லை. பயந்துகொண்டே முப்பத்து மூன்று ஆண்டுகள் போய்வந்தார். இன்று அந்தக் குப்பத்தில் வலை இழுக்கும் இளைஞர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கையால் ஊசி குத்திக்கொண்டு அழுதவர்கள்.

கொரோனா இரண்டாவது முறை சுழன்றடித்த அந்த மே மாதத்தில், நடுத்திட்டில் யாரும் ஊசிக்குக் கை நீட்டவில்லை. ஊசி போட்டால் ஆம்பளைக்கு வலை இழுக்கிற தெம்பு போய்விடும் என்று பேச்சு. ரெண்டே வருடத்தில் ஆள் காலி என்று யாரோ பேசி அனுப்பிய குரல் பதிவு எல்லார் கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி எதையும் மறுத்துப் பேசவில்லை. படகுத்துறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசவிட்டுக் கேட்டார். உண்மையான காரணத்தைச் சொன்னவர் முத்துராஜ்தான். ஐம்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான ஆள், வாயாடி.

"ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல்னு நீயே சொல்றே சிஸ்டரு. நாளான்னிக்கு எங்க பாடு. நான் படுத்துக்கினா என் வலைய நீ வந்து இழுப்பியா?"

"இழுக்கிறேன். மீனு மொத்தமும் எனக்கு. சம்மதமா?"

"ஐய, இன்னா பேராசை பாரு சிஸ்டருக்கு!" என்று முத்துராஜ் சொல்ல, துறையே சிரித்தது.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. பாடு என்றால் முறை. ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கிக் குழு குழுவாக முறை வைத்துக்கொள்வார்கள். தன் பாட்டு நாளைத் தவறவிட்டவன் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் நடுத்திட்டில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவனால் போக முடியாவிட்டால் அவன் தம்பியோ மச்சானோ அவனுக்குப் பதிலாகப் போகலாம். பட்டியலில் பேர் மாறாது. போனவன் யாராக இருந்தாலும் முறை பேருக்கு உரியவனுடையது.

ஊசி போட்டுக்கொள்ளவிடாமல் அவர்களைத் தடுத்தது இந்தப் பாடுதான் என்று புரிந்ததும், சாமுண்டீஸ்வரி குப்பத்துத் தலைவரிடமிருந்து பாட்டுப் பட்டியலையே எழுதி வாங்கிவந்தார். ஒவ்வொரு குழுவுக்கும் பாடு முடிந்த மறுநாள் ஊசி. காய்ச்சல் வந்தாலும் அடுத்த பாட்டுக்குள் எழுந்துவிடலாம். ஒரு மருந்துக் குப்பிக்குப் பத்துப் பேர்; ஒரு குழுவுக்கும் பத்துப் பேர். கடவுளே அளந்து வைத்ததுபோல் பொருந்தியது. மூன்று குழுக்கள் மறுப்பில்லாமல் போட்டுக்கொண்டன. அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை முகக்கவசத்துக்கு மேலேயும் பார்த்தோம்.

நான்காவது குழு முத்துராஜின் குழு. அன்று காலை அவர் எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் பொன்னேரி போய்விட்டார். ஒன்பது பேர் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பத்தாவது நாற்காலியில் அவர் தம்பி அர்ஜுனன் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அண்ணன் இல்ல சிஸ்டர். அண்ணன் பாட்டுக்கு நான் குந்திக்கினேன்."

"அடப்பாவி, இது வலையில்லடா, ஊசி!"

சிரித்தாலும் திறந்த குப்பியில் ஒரு ஊசிக்கான மருந்து இருந்தது. நான்கு மணி நேரத்துக்குள் போடாவிட்டால் கீழே கொட்ட வேண்டும். அர்ஜுனனுக்கும் வயது தகுதி இருந்தது. போட்டுவிட்டார். தன் நோட்டில் அர்ஜுனன் என்று எழுதினார். உடன் வந்திருந்த செவிலியர் ஜெஸ்ஸியிடம், "முத்துராஜ அடிச்சிட்டு அர்ஜுனன்னு போட்டுக்கோ" என்றார். காற்று பலமாக இருந்தது. ஜெஸ்ஸி பறக்கிற தாள்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். தீவில் சிக்னல் இல்லாததால், கரைக்குத் திரும்பிய பிறகு துறைப் படியில் உட்கார்ந்து அக்காவின் நுழைவு எண்ணில் பேர்களைக் கைப்பேசியில் ஏற்றினார். ஏற்றியது பழைய பட்டியலை. முத்துராஜ் முதல் தவணை போட்டுக்கொண்டதாக அவருடைய கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி போனது. அதை அவர் திறந்தே பார்க்கவில்லை.

பத்து நாளில் முத்துராஜுக்குக் காய்ச்சல். வெயிலில் நின்றதால் வந்தது என்று சொல்லி மறைத்தார். மூச்சு வாங்கத் தொடங்கியபோது படகில் கிடத்திக் கொண்டுவந்தவர்களோடு அரசு மருத்துவமனைவரை போனவர் சாமுண்டீஸ்வரி. மூன்றாம் நாள் முத்துராஜ் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. அக்கா வண்டி ஓட்டுநரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். வண்டி பத்து நிமிடம் துறையில் நின்றது. முத்துராஜின் மனைவி தேவகி படகில் நின்றபடியே வெள்ளைத் துணியில் கட்டிய கணவனைப் பார்த்தார். எது தலைப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அந்த மாதம் அக்காவால் ஒருவருக்குக் கொடுக்க முடிந்தது.

அதன் பிறகு உறவினர் எண் தேடி முத்துராஜின் கைப்பேசியைத் திறந்தவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்தார்கள். பொன்னேரி போன இடத்தில் போட்டுக்கொண்டிருப்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஊசி போட்டுத்தான் முத்துராஜ் செத்தான் என்பது அன்று மாலைக்குள் ஏரியைச் சுற்றிய எல்லா ஊருக்கும் எட்டிவிட்டது. அடுத்த குழுவின் நாளில் படகு நடுத்திட்டை நெருங்கியபோது கரையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இறங்க விடவில்லை. செவ்வந்தி என்ற வயதான அம்மாள் கரையிலிருந்தே கேட்டார்.

"அடுத்து யாரு பேர வச்சிருக்க சிஸ்டரு? சொல்லு, நாங்க இப்பவே அழுது முடிச்சிர்றோம்!"

சாமுண்டீஸ்வரி படகிலேயே தன் நோட்டைப் பிரித்தார். அதில் அர்ஜுனன். ஜெஸ்ஸியின் பட்டியலில் முத்துராஜ். ஜெஸ்ஸிக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது.

"அக்கா, நான்தான்... நான்தாங்கா மாத்திப் போட்டுட்டேன்."

"அழாத. மூக்கத் தொடச்சிக்கோ. யோசிப்போம்."

மறுநாள் எங்கள் எல்லோரிடமும் சொன்னார். நாங்கள் பயந்தோம். ஏனென்றால், இலக்கை எட்டுவதற்காக ஆளில்லாமலே பேர் ஏற்றுகிறார்கள் என்று லஞ்ச ஒழிப்பில் ஒரு மனு ஏற்கெனவே விழுந்திருந்தது. யார் போட்டதென்று தெரியாது. அப்படிச் செய்தவர்கள் வேறெங்கோ இருந்திருக்கவும் கூடும். எங்கள் சுகாதார ஆய்வாளர் கங்காதரன் அக்காவை அழைத்துச் சொன்னார்: "இந்த நேரத்துல நீங்களே போய் தப்புனு ஒத்துக்கினா உங்கள உரிச்சிடுவாங்கம்மா. சும்மா இருங்க, ஜனங்க தானா மறந்துடுவாங்க." இதைச் சொன்னவரும் இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கிறார். வெட்கத்தோடு இட்டிருக்கிறார்.

"நான் சும்மா இருந்தா அங்க இன்னும் எத்தினி பேரு சும்மா பூடுவாங்க சார்?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடுத்திட்டு அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சாமுண்டீஸ்வரி கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி ஊரையும் கும்பிட்டார்.

"முத்துராஜ் ஊசி போட்டுக்கல. போட்டதா பதிஞ்சது தப்பு. தப்பு எங்களுது, ஊசியோடது இல்ல. அன்னிக்கு அவரு பேர்ல வேற ஒருத்தருக்குப் போட்டேன். அவரு இங்க நல்லா இருக்காரு."

"அது யாரு? பேரச் சொல்லு!" என்று நாலா பக்கமும் சத்தம். யாரோ ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி பேரைச் சொல்லவில்லை. அண்ணன் உயிரைத் தம்பி வாங்கிக்கொண்டான் என்று நாளைக்கே பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து அர்ஜுனனே எழுந்து வந்தார்.

"நான்தான். அண்ணன் இல்லியேனு, அவன் பாட்டுக்கு நான் போட்டுக்கினேன். விளையாட்டா போய் குந்தினேன் அண்ணி. எனக்குத் தெரியாது அண்ணி."

தேவகி அவரைப் பார்த்து, "நீயாச்சும் இருக்கியே. இரு" என்றார். அவ்வளவுதான். எழுந்து வந்து, அக்காவின் முன்னால் மணலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார். அன்றைக்கு ஊசிப் பெட்டி கொண்டுபோயிருக்கவில்லை. அந்த வெறுங்கையைத்தான் அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் பெட்டியோடு போனபோது முதல் ஆளாகத் தேவகி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் செவ்வந்தி. அதற்குப் பிறகு நடுத்திட்டில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை.

ஆனால் கோயில் முன் பிடித்த படம் வேறு வழியில் போனது. "தப்பு எங்களுது" என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டி, செவிலியரே ஒப்புக்கொண்ட ஊழல் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். அக்கா ஊருக்குப் போகிற பேருந்தில் முன்பு எழுந்து இடம் கொடுத்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். அவர் போட்ட ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்கள். தவறியது ஒரே ஒரு பேர். நாங்கள் கொதித்தபோது அக்காதான் எங்களை அடக்கினார். "அவங்க கேக்கணும். கேக்க ஆளு இல்லனா நாளிக்கு ஊசியையே வித்துடுவாங்க. கோவப்படாதீங்க."

அந்தப் பேரைப் பதிந்தது யார் என்று அதிகாரி கேட்டார். நுழைவு எண் அக்காவுடையது. "நான்தான்" என்றார். நாங்கள் அறிந்தவரை அவர் சொன்ன பொய் இது ஒன்றுதான். ஆண்டவன் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டான் என்று நம்புகிறோம். பணிப் பதிவேட்டில் கண்டனம் எழுதப்பட்டது. வரவேண்டிய பதவி உயர்வு வராமலே போனது. ஜெஸ்ஸி ஒவ்வொரு வருடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுவார். "உனக்கு இன்னும் பன்னெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. எனக்கு நாளாயிடுச்சி. வாய மூடு" என்பார் அக்கா. நாங்களும் எல்லாம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டோம். யாருக்கும் கெடுதல் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கெடுதல் ஒருவருக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அக்கா! இனி உங்களிடமே பேசுகிறோம்.

சென்ற திங்கட்கிழமை ஜெஸ்ஸி மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அந்தப் பேரை ஏற்றியது தன் கை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பீர்கள். தெரிந்தும் மறைத்தோம் என்று நாங்களும் அதன் கீழே கையெழுத்திட்டோம். கண்டனம் நீங்குமா, எங்கள் மேல் நடவடிக்கை வருமா, தெரியாது. தாமதமாக வந்த நியாயம் உங்கள் நான்கு ஆண்டுகளைத் திருப்பித் தராது. முத்துராஜ் அண்ணனையும் திருப்பித் தராது. அதை நினைக்கையில் இந்த மேடையில் கட்டியிருக்கும் தோரணமும் எங்களுக்குப் பாரமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் நீங்கள் இந்த வாசலைவிட்டு இறங்கும்போது தலையில் எங்கள் பழியைச் சுமந்து இறங்கக்கூடாது என்பது ஒன்றுதான் எங்களால் செய்ய முடிந்த மரியாதை.

ஜெஸ்ஸி எழுதிக் கொடுத்த அந்த மனுவின் நகலை இந்த மடலின் பின்பக்கத்தில் வைத்துத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். முன்பக்கத்தில் உங்கள் புகழ். பின்பக்கத்தில் எங்கள் குற்றம். காட்டூர் வீட்டுச் சுவரில் எந்தப் பக்கம் வெளியே தெரிய மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் மாட்டினாலும் அது உங்கள் பெருமைதான்.

நோய் நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகளின் நடுவே, படகேறும் பயமில்லாத நாட்களை ஆண்டவன் உங்களுக்கு நிறைய அருளட்டும். எங்களை மன்னித்ததாக ஒரு வார்த்தை நீங்கள் சொல்ல வேண்டாம். என்றைக்கும்போல், "சாப்பிட்டீங்களா எல்லாரும்?" என்று ஒரு முறை கேளுங்கள். அது போதும்.

கண்ணீரோடும் வணக்கத்தோடும்,

ஜெஸ்ஸி, செவிலியர் (அந்தப் பேரைப் பதிந்தவர்)
கங்காதரன், சுகாதார ஆய்வாளர் (சும்மா இருக்கச் சொன்னவர்)
பெனிட்டா, மருந்தாளுநர்
மற்றும் தெரிந்தும் பேசாதிருந்த ஏரிக்கரை ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள் அனைவரும்