ஆறு போல்ட்டு

– ரேஸ் டிராக் வளைவுல திருப்பினேன்க்கா. கார் திரும்பலை. நேராப் போய் சுவத்துல...

– எப்படிடா திரும்பும்? இருபத்தஞ்சு வருஷத்துக் காரு! வேகம் நூத்தறுபதைத் தாண்டினா மிதக்குதுன்னு நீதானே இந்த ஷெட்டுல வந்து அழுதே?

– அழவெல்லாம் இல்ல...

– குறுக்கே பேசாதே! ஸ்பிரிங்கைத் தாழ்த்தினேன். பின்னாடி விங் வச்சேன். முன்னாடி பம்பருக்குக் கீழ லிப்புன்னு நீட்டுப் பட்டை வச்சேன். எதுக்கு ரெண்டும்?

– காத்து காரைத் தூக்காம அமுக்குறதுக்கு.

– விங் மட்டும் இருந்தா?

– இப்போ எதுக்குக்கா அது?

– கேட்டதுக்குச் சொல்லு!

– பின்பக்கம் உட்காரும், மூக்கு தூக்கும். ஸ்டீயரிங் சும்மா சுத்தும்.

– இவ்வளவு தெரிஞ்சவன், லிப் இல்லாம ஏன்டா டிராக்ல இறக்கினே?

– அது... ஓட்டத்துல உடைஞ்சு விழுந்திருக்கும்.

– இங்க வா. குனிஞ்சு பாரு. போல்ட்டு போட்ட ஓட்டை ஒண்ணுகூடப் பிய்யலை. யாரோ கழட்டியிருக்காங்க. யாரு?

– நான்தான்.

– ஏன்?

– வீட்டு கேட்டுல உரசுச்சு.

– அறிவு கெட்டவனே! பக்கத்து சீட்டுல என் புருஷனை, உங்க மாமாவை உட்கார வச்சுக்கிட்டு... அவர் தொடை எலும்பு ரெண்டாப் போச்சுடா!

– தெரியும்க்கா. நல்லாத் திட்டு.

– எத்தனை போல்ட்டு கழட்டினே?

– நாலு.

– ஆறுடா!

– சரி, ஆறு. யாரு எண்ணினா?

– எந்த ஸ்பேனர்?

– நீ என்ன போலீஸா? விடேன்!

– விட மாட்டேன். நீ கழட்டலை. பொய் சொல்றே.

– ஆமா, பொய்தான்! மாமாதான் சொல்லச் சொன்னார், போதுமா? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு...

– என்ன சொன்னார்?

– வேலை பார்க்கக் காரை ராம்ப்ல ஏத்துறப்போ இடிக்கும்னு உங்கக்கா எப்பவும் லிப்பைக் கழட்டி வைப்பா, இந்தத் தடவை மாட்ட மறந்துட்டா, தெரிஞ்சா இனிமே ஸ்பேனரையே தொட மாட்டா, நீ கழட்டினதாவே இருக்கட்டும்னார். நீ கொடுத்த வண்டியாச்சேன்னு நானும் சுத்திப் பார்க்காம ஏறினேன். இப்போ திருப்தியா? போ, உன் பெஞ்சுக்கு அடியில லிப் கிடக்கும், பாரு!

– பார்த்துட்டேன்டா. காலையிலேயே பார்த்துட்டேன். நீ கழட்டினேன்னு உன் வாயால சொல்லிட்டா நானும் நம்பிடலாம்னுதான் இவ்வளவு நேரம் கத்தினேன்... நாலுன்னு சொல்லி அதையும் கெடுத்துட்டியே, பாவி.